எந்தச் சாமி?

என் சாமிக்கு,

பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று நீ கிளம்பிப் போயிருக்கிறாய். ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து, பாதி கட்டிய லாரிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, நீ திரும்பி வர எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் இதை எழுதி முடித்து, உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில், பருப்புப்பொடிப் பொட்டலத்தின் மேல் வைத்துவிட வேண்டும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் சொன்னால் போனைப் பார்த்தபடியே "செரிம்மா, செரிம்மா" என்று தலையாட்டுவாய். அங்கே போய்ப் பொடி தின்ன வேண்டுமென்றால் முதலில் இந்தக் காகிதத்தைத்தான் நீ எடுத்தாக வேண்டும். இரண்டு வாய் சோற்றுக்காகவாவது படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

நாளைக்கு நீ ஓமனுக்குப் போகிறாய். கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வெல்டிங் வேலை. காலையில் உன் அப்பா அஸ்ஸாம் ரோட்டில் ஏதோ ஒரு தாபாவில் லாரியை நிறுத்திவிட்டுப் போன் பண்ணினார். "பையன் போறானே, அழுவறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. உண்மையிலேயே அழவில்லை, சாமி. பிள்ளை ஊரைவிட்டுப் போகிற நேரத்தில் ஒருத்தி இவ்வளவு நிம்மதியாக இருக்கலாமா என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. போன வருஷம் நீ போகாமல் போனதற்கு நான் அழுத அழுகையில் இந்த வருஷத்துக்கும் சேர்த்து அழுது தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்தக் கதை உனக்குத் தெரியாததல்ல. ஆனால் உனக்குத் தெரிந்தது உன் பக்கத்துக் கதை. என் பக்கத்தை நான் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. நீ வேறு பல நாள் என் முகத்தையே பார்க்காமல் இருந்தாய். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் ஆத்தூரிலிருந்து வாக்கப்பட்டு நாமக்கல்லுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி, தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பங்குச் சாமியார்தான் வந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மாதா கோயில்காரர்களுக்குச் சாமி என்றால் ஒன்று மேலே இருக்கிற சர்வேசுரன், இல்லையென்றால் பூசை வைக்கிற பங்குச் சாமியார். இங்கேயோ பெரியவரும் சாமி, குழந்தையும் சாமி, பால் ஊற்ற வருகிறவரும் சாமி. அந்தப் பேச்சு பழக எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பழகின பிறகு உன்னைப் பெற்றேன், உன்னையும் சாமி என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் மனதுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஆத்தூர்ச் சாமி அப்படியேதான் இருந்திருக்கிறார். ஆபத்தான நேரம் பார்த்து அவர் எழுந்து வந்துவிட்டார்.

உனக்கு வெளிநாட்டு ஆசை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். உன்னோடு ஐ.டி.ஐ. படித்த பையன் வெளிநாட்டுக்குப் போய், அங்கே கடலுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்த நாளில் வந்தது. நீ கட்டின லாரிகள் எல்லாம் ஊர் ஊராகப் போகின்றன, நீ மட்டும் பட்டறையிலேயே நிற்கிறாய் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. அப்பாவும் இல்லாத வீட்டில் நீயும் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, இவனுக்கு ஒரு வழி திறக்கட்டும் என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட ஒரு வாரத்தில் வாசலில் ஒருத்தன் வந்து நின்றால், நான் வேறு என்ன நினைப்பேன் சொல்.

வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல், வாயில் சிரிப்பு. உன் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவனாக இருப்பான். "ஏனுங்க்கா, தம்பி வெளிநாடு போகோணும்னு இருக்குதாமே? சாமி சொல்லித்தானுங்க வந்தேன்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. "பங்குச் சாமிங்களா?" என்று நானே கேட்டேன். அவன் ஒரு நொடி பேசாமல் இருந்தான். கதவுக்கு மேலே மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தான். பிறகு, "ஆமாங்க்கா, அவரேதானுங்க" என்றான். அந்த ஒரு நொடியை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அந்த நொடியில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவனுக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. பொய்யை அவன் கொண்டுவரவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அவன் கைநீட்டி வாங்கிக்கொண்டான். அதற்குமேல் காப்பி வேறு போட்டுக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். தாய்லாந்தில் பெரிய தொழிற்சாலை, வெல்டிங் வேலை, டிக்கெட் அவர்களே எடுத்துத் தருவார்கள், தங்குமிடமும் அவர்களே. நம்மிடம் ஒரு பைசாகூடக் கேட்கவில்லை. பணம் பிடுங்குகிறவன்தான் ஏமாற்றுக்காரன் என்று நாம் நினைத்திருந்தோம் இல்லையா? அதனால் பணம் கேட்காதவன் நல்லவனாகிவிட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது நீதான் என்பது நம் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவே இல்லை. சுற்றுலா விசாவில் போய், இறங்கிய பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்றான். விமான நிலையத்தில் யாராவது கேட்டால் சுற்றிப்பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொன்னான். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "டிக்கெட்டோட ஏர்போர்ட்லயே தந்துடறேனுங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும், விட்டால் இடம் போய்விடும் என்றான். இதில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் காதில் உறுத்தியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டோம், எதுவுமே உறைக்கவில்லை. கோடவுனில் முட்டையை வெளிச்சத்தில் காட்டி நல்லது கெட்டது பிரிப்பதுதான் நான் தினமும் செய்கிற வேலை என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

போனில் உன்னை நேர்காணல் செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். முடித்துவிட்டு நீ சமையலறைக்கு வந்து சிரித்தாய். "அம்மா, வெல்டிங்கப் பத்தி ஒண்ணுமே கேக்கல. டைப் அடிக்கத் தெரியுமா, எவ்வளவு வேகமா அடிப்பேன்னுதான் கேட்டாங்க" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். வெளிநாட்டில் வெல்டிங்கைக்கூடக் கம்ப்யூட்டரில்தான் செய்வார்கள் போல என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர், "சாமியே அனுப்பி வெச்சாருன்னா அப்புறம் என்ன இருக்குது, போய்ட்டு வரட்டும் உடு" என்று முடித்துவிட்டார். நான் சாமியை நம்பினேன். அப்பா என்னை நம்பினார். நீ எங்கள் இரண்டு பேரையும் நம்பினாய். ஒருத்தர் தலையில் ஒருத்தர் நம்பிக்கையை ஏற்றி வைத்தோமே தவிர, அடியில் யார் நிற்கிறார் என்று ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், நீ துணியெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். இவ்வளவு பெரிய உதவி செய்த மனிதருக்கு நன்றி சொல்லாமல் பிள்ளையை அனுப்பலாமா என்று எனக்குத் தோன்றியது. கோடவுனிலிருந்து வாங்கி வைத்திருந்த நல்ல முட்டை ஒரு தட்டு, அதைத் துணியில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நீகூட, "இதெல்லாம் எதுக்கும்மா, வந்து பாத்துக்கலாம்" என்றாய். சாமியார் பூசைக்கு முன்னால் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தட்டை அவர் முன்னால் நீட்டி, "சாமி, நாளைக்குப் பையன் கிளம்பறான். நீங்க அனுப்பி வெச்ச புண்ணியம்" என்றேன். அவர் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "எங்கம்மா கிளம்பறான்?" என்றார்.

"தாய்லாந்துக்குத்தான் சாமி. உங்க ஏஜென்ட் மூலமா."

"நான் யாரையும் அனுப்பலையேம்மா. எனக்கு எந்த ஏஜென்டையும் தெரியாதே."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. முட்டைத் தட்டை நீட்டியபடியே நின்றேன். அவர்தான் அதை வாங்கி மேடையில் வைத்தார். என்னை உட்காரச் சொன்னார். என்ன வேலை, என்ன விசா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என் வாயால் சொன்னதை என் காதால் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. சுற்றுலா என்று பொய் சொல்லிப் போகிற வேலை எப்படி நல்ல வேலையாக இருக்கும்? அவன் நம்பரைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டார்.

"வணக்கமுங்க, யாருங்க?"

"தம்பி, சாமி பேசுறேன்."

"எந்தச் சாமிங்க?"

"அதைத்தான் தம்பி நானும் உங்ககிட்ட கேக்கணும். வெல்டிங் பையன் வீட்டுக்கு உங்களை எந்தச் சாமி அனுப்புனாரு?"

அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பாஸ்போர்ட் வந்து சேராவிட்டால் காவல் நிலையத்தில் சந்திக்கலாம் என்று சாமியார் மெசேஜ் ஒன்று தட்டிவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "எந்தச் சாமிங்க?" அந்தத் திருட்டுப் பயலுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி, பெற்றவளுக்கு ஏனடா கேட்கத் தெரியாமல் போயிற்று?

அதன் பிறகு நீ என்னைப் படுத்திய பாடு! "உன்ற முட்டைத் தட்டு என்ற வாழ்க்கையவே கெடுத்துருச்சு" என்று கத்தினாய். கட்டி வைத்த பையை மூலையில் எறிந்தாய். அவன் நல்லவன்தான், சாமியார் மிரட்டியதால் பயந்துவிட்டான் என்று வாதாடினாய். காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போனபோதுகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாய். இரண்டு நாள் கழித்து உன் பாஸ்போர்ட் பட்டறைக்கு எதிரிலுள்ள டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்தது. யாரோ பைக்கில் வந்து வைத்துவிட்டுப் போனானாம். அந்தக் கடைக்காரரைத்தான் நீங்கள் எல்லோரும் சாமி, சாமி என்று கூப்பிடுவீர்கள். அந்த ஏஜென்ட் டீ குடிக்க வந்தபோது, "அந்தப் பையன் வெளிநாடு போகோணும்னுட்டு இருக்கறான்" என்று அவர் யதார்த்தமாகச் சொல்லியிருக்கிறார். ஆக, அவன் வாசலில் நின்று சொன்ன முதல் வார்த்தை உண்மைதான். சாமி சொல்லித்தான் வந்திருக்கிறான்.

நீ என்னோடு சரியாகப் பேசாத அந்த நாட்களில், நான் செய்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. உண்மையிலேயே நல்ல வேலையாக இருந்திருந்தால்? என் வாயும் என் முட்டையும் சேர்ந்து உன் வழியை அடைத்துவிட்டதோ? அப்படியே இரண்டு மூன்று மாதம் போயிற்று. பிறகு ஒருநாள் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு அம்மா கோயிலுக்கு வந்திருந்தாள். அவள் மகன் அதே ஆள் மூலமாக, அதே தாய்லாந்துக்குப் போனவன். இறங்கியதும் வண்டியில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோய் ஒரு பெரிய கட்டடத்தில் அடைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். காலையிலிருந்து இரவு வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் பொய் பேசி ஏமாற்ற வேண்டும். மறுத்தால் அடி, சோறு கிடையாது. டைப் அடிக்கத் தெரியுமா என்று உன்னிடம் ஏன் கேட்டார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தப் பையன் எப்படியோ தூதரகத்துக்குத் தகவல் அனுப்பி, மீட்கப்பட்டு வந்துவிட்டான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே இன்னும் திடுக்கிடுகிறான் என்று அவள் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பிள்ளைக்காகத்தான் அழுதேன். ஆனால் என் பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு வயிற்றில் பால் வார்த்தது. அதை ஒளிக்க முடியவில்லை, அவளும் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாய். பிறகு, "அம்மா, ஒரு ஆம்லெட் போடேன்" என்றாய். மன்னிப்புக் கேட்பதில் நீ அப்படியே உன் அப்பாதான்.

இந்தத் தடவை நீ நடந்துகொண்டதைப் பார்த்து எனக்குப் பெருமை. உன் எதிரிலேயே சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்லவில்லை, எழுத்தில் சொல்லிக்கொள்கிறேன். ஏஜென்ஸியின் அரசாங்க உரிம எண்ணை நீயே கேட்டு வாங்கினாய். அரசாங்கத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, பெயரும் முகவரியும் ஒன்றுதானா என்று சரிபார்த்தாய். அவர்கள் கொடுத்த நம்பரை விட்டுவிட்டு, கம்பெனியின் நம்பரை நீயாகத் தேடிப் பிடித்து, அப்படியொரு வேலை உண்டா என்று கேட்டாய். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் ஏஜென்ஸி ஆபீஸில் இருந்தவர், "இன்னிக்கே கையெழுத்துப் போட்டா நல்லதுங்க தம்பி" என்றபோது, "ஒப்பந்தத்த ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு வாரேனுங்க" என்றாய். அவரும் சரி என்று கொடுத்துவிட்டார். நேர்மையான வேலை நாம் படித்துப் பார்க்கும்வரை காத்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உன்னை நிஜமாகவே வெல்டிங் வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரும்புத் தகட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து உன் வேலையில் குறை வேறு சொன்னார்கள். நீ எரிச்சலோடு வந்து சொன்னாய், எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம். குறை சொல்கிறவனுக்கு உண்மையிலேயே வெல்டர் வேண்டும்.

அங்கே போன பிறகும் இதையெல்லாம் விட்டுவிடாதே, கண்ணு. பாஸ்போர்ட்டின் நகலும் விசாவின் நகலும் அப்பா போனிலும் என் போனிலும் இருக்கின்றன. நம் தூதரகத்து நம்பரை நான் காலண்டர் ஓரத்திலேயே எழுதி ஒட்டிவிட்டேன். ஒப்பந்தத்தில் எழுதியது ஒன்று, அங்கே சொல்லும் வேலை வேறொன்று என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சொல். ஊரார் சிரிப்பார்களே என்று ஒருநாளும் நினைக்காதே. போன வருஷம் பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து, "எந்தச் சாமிக்கா?" என்று கேலி பேசினார்கள். பேசட்டும். பிள்ளை வீட்டில் இருக்கும்போது கேலி எல்லாம் ஒரு பெரிய விஷயமா? நன்றாகச் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் சேர்ந்தே சிரித்தேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. யார் எதைப் பாதியில் சொன்னாலும், மீதியை நீயாக நிரப்பாதே. ஆசை நம்மை அவசரப்படுத்தும், வாய் தானாகவே மீதியைச் சொல்லப் பார்க்கும். கொஞ்சம் பொறுத்து, அவனையே முழுதாகச் சொல்ல விடு. மேலாளர் சொன்னார் என்றால் எந்த மேலாளர் என்று கேள். உங்கள் ஊர்க்காரர் என்றால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று கேள். மரியாதையாகவே கேட்கலாம், "ங்க" போட்டுக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. கோபம் வந்தால், அவனை ஏன் நம்பக் கூடாது என்று அவனே சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொள்.

உன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்கிறது. முடித்துக்கொள்கிறேன். நாளைக்குச் சாமியாரைப் பார்த்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறோம். ஒரு தட்டு முட்டை எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. போன தடவை கொண்டுபோன முட்டையைப் பதற்றத்தில் அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன் இல்லையா, "உங்க பையன் போகாததுக்கு நான் ஒரு வாரம் முட்டை தின்னேன்" என்று அவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். இந்தத் தடவை நீ போவதற்குத் தின்னட்டும்.

கடைசியாக ஒன்று. அங்கே என்றைக்காவது ஒருத்தன் உன்னிடம் வந்து, "அம்மா அனுப்பி வெச்சாங்க" என்று சொன்னால், நெஞ்சு உருகிப் போய் நின்றுவிடாதே. "எந்த அம்மாங்க?" என்று கேள். ஏனென்றால் உன் அம்மா உன்னிடம் யாரையும் அனுப்ப மாட்டாள். உனக்கு ஒன்று என்றால் அவளே வருவாள். நான் சும்மா சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். போன வாரம் எனக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, சாமி.

உன் அம்மா